விமான நிலையம் விரிவடையும்போது ரயில் நெரிசலையும் இரைச்சலையும் நாமே கணக்கிடுவது எப்படி

சென்னை விமான நிலையத்தின் புதிய ஒருங்கிணைந்த முனையம் 2023 ஏப்ரல் 8 அன்று திறக்கப்பட்டது. எஞ்சிய கட்டுமானமும் முடிந்தால் ஆண்டுக்கு 3.5 கோடிப் பயணிகளைக் கையாள முடியும் என்பது திட்டத்தின் கணக்கு. இப்போது ஏறத்தாழ 2.2 கோடிப் பேர் வந்து போகின்றனர். திட்ட அறிக்கைகள் இந்த வளர்ச்சியை ஆண்டு மொத்தமாகவும், அதனால் எழும் இரைச்சலைச் சராசரி டெசிபலாகவும் காட்டும். ஆனால் விமான நிலையத்தை அடுத்த பழவந்தாங்கலில் வேலைக்குப் புறப்படுபவர் காலை எட்டரை மணி ரயிலில்தான் ஏறியாக வேண்டும். பொழிச்சலூரில் உறங்குபவரின் தூக்கம் கலைவது பின்னிரவு இரண்டு மணி விமானத்தால்தான். ஆகவே அறிக்கையில் காணும் ஒவ்வொரு எண்ணையும் எந்த மணி, எந்த இடம் என்று உடைத்துப் பார்ப்பதே நாம் செய்ய வேண்டிய வேலை. அதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. ஒரு குறிப்பேடும் ஒரு கணக்குக் கருவியும் சில வாரப் பொறுமையும் போதும்.

முதலில் ரயில்

கூடுதலாக வரவிருக்கும் 1.3 கோடிப் பயணிகளை 365 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 35,600 பேர் கிடைக்கின்றனர். இவர்களில் கால்பங்கினர் ரயிலை நாடுவார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது 8,900 பேர். நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் நாளின் 8 சதவீதப் பயணம் நிகழும் என்று கொண்டால், இரு திசைகளிலும் சேர்த்து 710 பேர் வருகிறது. கால்பங்கு, 8 சதவீதம் ஆகிய இரண்டும் என் ஊகங்களே. அறிக்கையில் இவற்றுக்கு என்ன விகிதம் எடுத்திருக்கிறார்கள் என்று தேடி, அந்த விகிதத்தை இட்டு நீங்களே மறுபடி கணக்கிடுங்கள். விகிதமே தரப்படவில்லை என்றால் அதுவே உங்கள் முதல் கேள்வி.

நான்கு பெட்டி கொண்ட சென்னை மெட்ரோ ரயிலின் கொள்ளளவு 1,276 பேர் என்பதால், 710 என்பது பாதி ரயிலுக்குச் சற்று மேல்தானே, இதில் என்ன சுமை என்று தோன்றும். இங்கேதான் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, 1,276 என்பது பெரும்பாலோர் நெருக்கமாக நின்று பயணம் செய்யும் நிலையைக் குறிக்கும் எண். பயணி ஒருவர் இழுத்துவரும் பெரிய பெட்டி, நிற்கும் ஒருவரின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது, நம் ஊரில் வெளிநாடு செல்பவர் தனியாகச் செல்வதில்லை. வழியனுப்பப் பெற்றோரும் உடன்பிறந்தோரும் வருகின்றனர். அவர்கள் எவரும் விமானப் பயணிகளின் எண்ணிக்கையில் அடங்குவதில்லை. விமான நிலையத்தில் பணிமுறைப்படி வேலை செய்பவர்களும் அப்படித்தான் விடுபட்டுப்போகிறார்கள். ஆண்டு முழுவதும் ரயிலைப் பயன்படுத்துவோர் அவர்கள்தான்.

மூன்றாவது செய்தி சுமை எங்கே விழுகிறது என்பது. மெட்ரோவின் நீலத்தடத்தில் விமான நிலையம் இப்போது தொடக்க நிலையம். அங்கே ஏறுபவருக்குக் காலி ரயில் கிடைக்கிறது. அந்தக் காலியிடம் குறைவதை உணர்பவர் நங்கநல்லூர் சாலையிலும் ஆலந்தூரிலும் கிண்டியிலும் ஏறுபவர். விமான நிலைய நடைமேடையில் நின்று பார்த்தால் நெரிசலே இல்லை என்று எழுதிவிடலாம், ஆலந்தூரில் நின்று பார்த்தால் அப்படி எழுத முடியாது. இத்தடத்தைக் கிளாம்பாக்கம் வரை ஏறத்தாழ 15.5 கிலோமீட்டர் நீட்டிக்கும் திட்டம் நிறைவேறினால் நிலைமை தலைகீழாகும். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வரும் ரயிலில், விமானத்திலிருந்து இறங்கியவர் பெட்டியோடு நுழைய வேண்டியிருக்கும். நீட்டிப்புக்கு முன், நீட்டிப்புக்குப் பின் என இரண்டு நிலைகளுக்கும் தனித்தனிக் கணக்கு கேளுங்கள்.

புறநகர் மின்சார ரயிலின் கணக்கு வேறு வகையானது. கடற்கரை–தாம்பரம் தடத்தில் விமான நிலையத்துக்கு நேர் எதிரே திரிசூலம் நிலையம் இருக்கிறது. கட்டணம் குறைவு, நகரின் எழும்பூர், மாம்பலம் பகுதிகளோடும் தெற்கே செங்கல்பட்டோடும் நேரடித் தொடர்பு உண்டு. எனினும் அங்கே ரயில் நிற்கும் நேரம் மிகக் குறைவு. ஒரு மாலையில் அங்கே நின்று பார்த்தேன். நடுத்தர வயதுத் தம்பதியர் இரண்டு பெரிய பெட்டிகளையும் கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டியையும் வைத்துக்கொண்டு கதவருகே நின்றனர். உள்ளிருந்த கல்லூரி மாணவர்கள் இருவர் பெட்டிகளை வாங்கி உள்ளே இழுத்துவிட்டனர். அட்டைப்பெட்டி ஏறுவதற்குள் ரயில் நகரத் தொடங்கிவிட்டது. அந்த அம்மாள் கைப்பிடியைப் பற்றியவாறு இரண்டடி ஓடித்தான் ஏறினார். இப்படிப்பட்டவர்கள் பெருகும்போது ரயில் நின்றுபோகும் நேரத்தைக் கூட்டியே ஆக வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து, பதினைந்து நொடிகள் கூடினால், பின்னால் வரும் ரயில் அந்த அளவு காத்திருக்கும். ஒரு மணி நேரத்தில் அத்தடத்தில் செலுத்தக்கூடிய ரயில்களின் எண்ணிக்கை குறையும். தண்டவாளத்தின் கொள்ளளவை ஒரு நடைமேடையின் கதவருகே நடக்கும் செயல் தீர்மானிக்கிறது என்பதைப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

எனவே நீங்கள் செய்ய வேண்டியது இது. வாரநாள் ஒன்றிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் காலை 7 முதல் 10 வரை, மாலை 5 முதல் 8 வரை உங்கள் நிலையத்தில் நின்று, ஒவ்வொரு ரயிலும் எத்தனை நொடி நின்றது, எத்தனை பேர் ஏற முடியாமல் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தனர், எத்தனை பேர் பெட்டிகளோடு வந்தனர் என்பதை எழுதிவையுங்கள். அதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் தெற்கு ரயில்வேக்கும் மெட்ரோ நிறுவனத்துக்கும் தனித்தனியே மனு அனுப்பி, உங்கள் நிலையத்தில் மணிவாரியாக நுழைந்தோர் எண்ணிக்கையைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். ‘நெரிசல் அதிகமாக இருக்கிறதா’ என்று கேட்டால் பயன் இருக்காது; எண்ணைக் கேட்டால் எண் வரும்.

ரயில் ஓடாத மணிகள்

ரயிலையும் இரைச்சலையும் அறிக்கைகள் இருவேறு அத்தியாயங்களில் எழுதும். இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரம். மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணியளவில் ஓய்கிறது. புறநகர் ரயில் நள்ளிரவையொட்டி நின்று, அதிகாலை 4 மணியளவில் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. வளைகுடா நாடுகளுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் செல்லும் விமானங்கள் பலவும் இந்த இடைவெளியில்தான் புறப்படுகின்றன. காலை 6 மணி உள்நாட்டு விமானத்தைப் பிடிப்பவரும் 4 மணிக்கே முனையத்தில் இருக்க வேண்டும். ஆக, இந்த மணிகளில் கூடும் ஒவ்வொரு விமானமும் வானில் இரைச்சலைத் தருகிறது. அதன் பயணிகளோ காரிலும் வாடகை வண்டியிலும் வந்து, விமான நிலையத்தை ஒட்டிச் செல்லும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையின் இரைச்சலையும் கூட்டுகின்றனர். கூடுதல் விமானங்களில் எத்தனை இரவு 10 முதல் காலை 6 வரை இயங்கும் என்ற ஒரே கேள்வி, இரண்டு அத்தியாயங்களையும் ஒருசேரச் சோதித்துவிடும்.

இரைச்சலைப் படிக்கும் முறை

இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. விமான நிலைய இரைச்சல் மண்டலத்துக்கு 2018 ஜூனில் தனி வரம்பு அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 50,000க்கும் மேற்பட்ட விமான இயக்கங்கள் உள்ள நிலையங்களுக்கு அது பகலில் 70, இரவில் 65. சென்னை இந்த வகையைச் சேர்ந்தது. ஏனைய நிலையங்களுக்கு 65, 60. ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று அறிக்கை சொல்லும்போது எந்த வரம்பு என்று பார்க்க வேண்டும்: இரவில் இரண்டுக்கும் இடையே 20 டெசிபல் வேறுபாடு இருக்கிறது. பத்து டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்காகும். இருபது கூடினால் நூறு மடங்கு.

இதைவிட முக்கியம், இந்த எண்கள் அனைத்தும் பல மணி நேரத்தின் ஒலி ஆற்றலைச் சமமாகப் பரப்பிக் காணும் சராசரி என்பது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் மேல் கடக்கும் ஒரு விமானத்தின் மொத்த ஒலி ஆற்றலை ஒரு நொடிக்குள் சுருக்கினால் 90 டெசிபல் என்று கொள்வோம்; அது உச்சத்தில் 80 டெசிபல் அளவுக்கு ஒலித்து, பேச்சை நிறுத்தவைக்கும் விமானம். இத்தகைய 20 விமானங்கள் இரவின் எட்டு மணி நேரத்தில் கடந்தால் சராசரி ஏறத்தாழ 58 டெசிபல்தான். 65 என்ற வரம்பைத் தொட ஏறத்தாழ 90 விமானங்கள் வேண்டும். அதாவது இரவு முழுவதும் ஏறத்தாழ ஐந்தேகால் நிமிடத்துக்கு ஒன்று. அதுவரை சட்டப்படி எல்லாம் சரியாகவே இருக்கும், உறங்குபவர்தான் உறங்கியிருக்க மாட்டார்.

இதே காரணத்தால், விமானங்களின் எண்ணிக்கை இரட்டிப்பானாலும் சராசரி 3 டெசிபல் மட்டுமே உயரும். ‘இரைச்சல் 3 டெசிபல் மட்டுமே கூடும்’ என்ற வாக்கியத்தை ‘விமானங்கள் இருமடங்காகும்’ என்று மாற்றிப் படியுங்கள். அதிகபட்ச ஒலி 65 அல்லது 70 டெசிபலைத் தாண்டும் விமானங்கள் ஓர் இரவில் உங்கள் ஊரின் மேல் எத்தனை என்ற அட்டவணையைக் கேளுங்கள். பெருவிமான நிலையங்கள் உள்ள பல நாடுகளில் இந்த எண்ணிக்கை முறையும் சராசரியோடு சேர்த்து வெளியிடப்படுகிறது. எளிய மனிதருக்கும் புரியும் அளவு அதுதான்.

காற்றின் திசையையும் மறக்கக் கூடாது. விமானம் காற்றை எதிர்த்தே ஏறும், இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கு நோக்கித் தரையிறங்குவதால் நங்கநல்லூர், பழவந்தாங்கல் பகுதிகளின் மேல் விமானங்கள் தாழ வருகின்றன. வடகிழக்குப் பருவத்தில் பம்மல், அனகாபுத்தூர் பக்கமிருந்து இறங்குகின்றன. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரே பருவத்தின் அளவீடு போதும் என்ற நடைமுறை இருப்பதால், அளந்த மாதங்களில் உங்கள் ஊர் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று சரிபார்க்க வேண்டும். எங்கள் மொட்டைமாடியில் ஒரு டிசம்பர் மாலையில் அளந்த எண்ணும், அதே மாடியில் ஜூலையில் அளந்த எண்ணும் இரு வேறு ஊர்களின் எண்களைப் போலத் தெரிந்தன.

கைப்பேசிச் செயலி தோராயத்துக்கு உதவும், ஆதாரமாகாது. துல்லியத்தில் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்த ஒலிமானி (ஒலியை அளக்கும் கருவி) ஒன்றைக் குடியிருப்போர் சங்கத்தின் மூலம் வாடகைக்கு எடுத்து, சுவரிலிருந்து விலக்கித் தாங்கியில் நிறுத்தி, தேதி, நேரம், அதிகபட்ச டெசிபல், விமானம் ஏறியதா இறங்கியதா, காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். விமானம் கடக்காத நேரத்தின் பின்னணி ஒலியையும் பதிவுசெய்வது அவசியம். பல்லாவரம் போன்ற இடங்களில் தண்டவாளம் ஒருபுறமும் ஓடுபாதை மறுபுறமும் இருப்பதால், ரயிலின் 60 டெசிபலும் விமானத்தின் 60 டெசிபலும் சேர்ந்து 63 ஆகிறது. இரண்டையும் சேர்த்த அளவு அறிக்கையில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

எதைக் கேட்பது, எங்கே கேட்பது

ரயிலுக்கான கோரிக்கைகள் தெளிவானவை. மெட்ரோவின் முதற்கட்ட நடைமேடைகள் ஆறு பெட்டி ரயிலுக்குப் போதுமான நீளத்தில் கட்டப்பட்டவை; முனையத்தின் அடுத்த பகுதி திறக்கும் முன் ஆறு பெட்டிகள் ஓட வேண்டும் என்று கேட்கலாம். முதல் ரயிலை முன்னதாக விடுவதும், திரிசூலத்தில் மின்தூக்கி வசதியும், பயணச் சுமைகளுக்கு இடம் ஒதுக்கிய ரயில் பெட்டிகளும் அடுத்தவை. ஒவ்வொன்றையும் ஒரு தேதியோடு அல்ல, ‘இத்தனை பயணிகள் எண்ணிக்கையை எட்டும் முன்’ என்ற நிபந்தனையோடு எழுதுங்கள். தேதிகள் தள்ளிப்போகும், பயணிகள் வந்துகொண்டே இருப்பார்கள்.

இரைச்சலில் பிற நாட்டுத் தீர்வுகளை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. லண்டன் ஹீத்ரோவில், விமானங்கள் மேற்கு நோக்கி இயங்கும் நாட்களில் தரையிறங்கும் ஓடுபாதையைப் பிற்பகல் 3 மணிக்கு மாற்றி, இரு பகுதியினருக்கும் அரைநாள் அமைதி தருகின்றனர். அங்கே ஓடுபாதைகள் இணையாக உள்ளன. சென்னையில் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் அந்த ஏற்பாடு பொருந்தாது. இரட்டைக் கண்ணாடிச் சன்னல் தருவதும் சன்னலைத் திறந்துவைத்து உறங்கும் நம் வீடுகளில் பாதித் தீர்வே. இரவு விமானங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு, இரவில் தரையிறங்கியபின் எஞ்சினை எதிர்த்திசையில் உந்தி வேகம் குறைப்பதற்குக் கட்டுப்பாடு, பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் முதலில் ஒலித்தடுப்பு ஆகியவற்றை வலியுறுத்துவதே சென்னைக்குப் பொருந்தும் என்று கருதுகிறேன்.

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குத் திட்டமிடப்பட்டுள்ள பரந்தூரில் இதே முறையைச் சற்று மாற்றிக் கையாள வேண்டும். அங்கே இன்று மெட்ரோ இல்லை. பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வழியாக 52.94 கிலோமீட்டர் நீட்டிப்பே திட்டம். 2018ஆம் ஆண்டின் இரைச்சல் வரம்பு, முன்மொழியப்பட்ட நிலையங்களை விலக்கியே எழுதப்பட்டது. வயல்வெளி ஊர்களின் இன்றைய பின்னணி ஒலியை ஊர்மக்களே இப்போது அளந்து வைக்காவிட்டால், பிறகு ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை மீது நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மண்டல அலுவலகத்திலும் பார்வைக்கு வைக்கப்படும். சுருக்கத்தோடு நின்றுவிடாமல் முழு அறிக்கையின் பின்னிணைப்பு அட்டவணைகளைப் படியுங்கள். உங்கள் அளவீடுகளை இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, இரண்டு படிகளில் கொடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். பேச எழும்போது ஓர் ஊர், ஒரு மணி, ஓர் எண் என்று பேசுங்கள். கூட்டம் முடியும்போது, எழுப்பப்பட்ட கருத்துகளின் தொகுப்பைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டியபின்னரே அதிகாரி அதில் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. பலர் அதற்குள் வீடு திரும்பிவிடுகின்றனர். நீங்கள் கடைசிவரை இருந்து, நீங்கள் சொன்ன எண் சொன்னபடியே படிக்கப்படுகிறதா என்று கேளுங்கள். விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள்.