நீலமா எரிஞ்சா போதுமா? கியூரிங் லைட்டைச் சோதிக்கும் வழி

பல் அடைக்கும் காம்போசிட் பசையைக் கெட்டியாக்கும் கியூரிங் லைட், பட்டனை அமுக்கினால் நீலமாக எரிகிறது, பீப் அடிக்கிறது, அப்போ லைட் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். சதுர சென்டிமீட்டருக்கு 300 மில்லிவாட் வந்தாலும் 1000 வந்தாலும் கண்ணுக்கு ஒரே நீலம்தான். காம்போசிட்டின் மேல்பக்கம் கெட்டியாகி மினுங்கும், அடியில் பாதி வெந்த இட்லியாகக் கிடக்கும்.

முதலில் டிப், அதாவது வெளிச்சம் வெளியே வரும் முனை. காய்ந்த காம்போசிட் ஒரு புள்ளி ஒட்டியிருந்தாலும் வெளிச்சம் குறையும், பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் கீறாமல் எடுங்கள். அப்புறம் சார்ஜர். கீழக்கரை, மண்டபம், பாம்பன் பக்கம் கிளினிக் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், உப்புக்காற்று எதையும் விடாது. சார்ஜர் குழிக்குள் எட்டிப் பார்த்தால் பித்தளை முனையில் பச்சையாகப் பூத்திருக்கும், லைட்டை வைத்தாலும் சரியாகத் தொடாது, இரவு முழுக்க வைத்தும் சார்ஜ் ஏறியிருக்காது. பிளக்கைக் கழற்றிவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள், கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

வெளிச்சத்தின் வலுவை அளக்கும் ரேடியோமீட்டருக்கு வருவோம். கையடக்க மீட்டர் காட்டும் எண் துல்லியமான உண்மை அல்ல. டிப்பின் அகலமும் மீட்டரின் கண்ணும் பொருந்தாவிட்டாலே எண் மாறிவிடும், அதனால் பக்கத்து கிளினிக்காரர் லைட்டோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. உங்கள் லைட்டை அதன் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள், அது போதும். புதிதாக வாங்கிய அன்றே முழு சார்ஜில், டிப் மீட்டரில் படிந்திருக்க, ஒரே மோடில் அளந்து நோட்டில் எழுதுங்கள், பிறகு வாரம் ஒருமுறை அதே மீட்டரில் அதே மாதிரி. டிப்பின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறையான ஸ்லீவ் போட்டும் ஒருமுறை பாருங்கள், மடிப்பு டிப்பின் மேல் விழுந்தால் எண் இறங்குவது தெரியும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் நான் பேட்டரியையும் டிப்பையும் சந்தேகப்படுவேன், இரண்டும் சரி என்றால் சர்வீஸுக்கு அனுப்பிவிடுவேன்.

மீட்டர் இல்லையா? பல் அடைக்கும் பொருட்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4049 சொல்லும் சுரண்டல் சோதனை இருக்கிறது. 4 மில்லிமீட்டர் துளையும் 6 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள உலோக அச்சில் காம்போசிட்டை நிரப்பி, இரு முனையிலும் மைலார் ஸ்ட்ரிப் (மெல்லிய, ஒளி புகும் பிளாஸ்டிக் பட்டை) வைத்து, வழக்கமான நேரம் மேலிருந்து மட்டும் லைட் காட்டுங்கள். அச்சிலிருந்து தள்ளி எடுத்து, அடியில் மெத்தென்று இருப்பதைப் பிளாஸ்டிக் ஸ்பேட்டுலாவால் சுரண்டிவிட்டு மீதி நீளத்தை அளந்து இரண்டால் வகுங்கள். அதுதான் நம்பக்கூடிய ஆழம். 1.4 வருகிறது என்றால் 2 மில்லிமீட்டர் அடுக்கு வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அதே பிராண்ட், அதே ஷேடில் செய்யுங்கள், அடர்ந்த ஷேடில் வெளிச்சம் அவ்வளவு ஆழம் போகாது.

லைட் பலவீனமாக இருந்தால் நேரத்தைக் கூட்டலாமே என்பார்கள். கணக்குக்குச் சரிதான், சதுர சென்டிமீட்டருக்கு 400 மில்லிவாட்டை 40 விநாடி காட்டினால் 16 ஜூல். ஆனால் கடைவாய்ப் பல்லின் ஆழமான குழிக்குள் டிப் சில மில்லிமீட்டர் தள்ளியே நிற்கும், அங்கே போய்ச் சேரும் வெளிச்சம் மீட்டர் காட்டியதைவிடக் குறைவு. சோதிக்கும்போதும் நீல வெளிச்சத்திலிருந்து கண்ணைக் காக்கும் ஆரஞ்சுக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள், அசிஸ்டன்ட்டுக்கும் ஒன்று கொடுங்கள்.