ஊரில் டொக்டரிடம் உங்கள் வருத்தத்தை எப்படிச் சொல்வது?

வெளிநாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகும் எங்கள் பெரியவர்களில் பலருக்குச் சீனி வருத்தம், பிரஷர், அதனால் வந்த நரம்புப் பாதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு என்று ஏதாவது ஒன்று இருக்கிறது. பெட்டியில் சொக்கிலேற் அடுக்குவதற்கு முதல், குடும்ப மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் வாங்கி வையுங்கள். ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், நோர்வேயில் இருப்பவர்களுக்கு இது மிக அவசியம். அந்த நாட்டு மொழியில் உள்ள அறிக்கையை ஊரில் வாசிக்க ஆள் கிடைப்பது கஷ்டம். நோய், ஒவ்வாமை, கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), குளிசைகளின் அளவு எல்லாம் அதில் இருக்கட்டும். குளிசைக்குக் கம்பனிப் பெயர் போதாது, மருந்தின் பொதுப்பெயர் வேண்டும். அதுவும் நாட்டுக்கு நாடு மாறும்: கனடாவில் அசெற்றமினோபென் என்பது ஊரில் பரசிற்றமோல், சனம் கேட்பது பனடோல்.

இரத்தச் சீனியின் அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அளக்கும் அலகு வேறு என்பதால், லண்டனிலோ ரொறன்ரோவிலோ 7 என்று வருவது ஊர் ஆய்வுகூடத்தில் 126 என்று வரும். 18 ஆல் பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். கிரியேட்டினினில் மில்லிகிராம் கணக்கில் 1 என்பது மைக்ரோமோலில் ஏறத்தாழ 88.

"எனக்கு நரம்பு வருத்தம்" என்று மட்டும் டொக்டரிடம் சொல்லாதீர்கள். ஊசி ஏற்றும் நாளத்தையும் எங்கள் சனம் நரம்பு என்றுதான் சொல்லும். கால் விறைக்குது, பாதம் எரியுது, ஊசி குத்துற மாதிரி இருக்குது, செருப்புக் கழன்றாலும் தெரியேல்லை என்று உடம்பில் நடப்பதைச் சொல்லுங்கள். ஒரு காலா, இரண்டு காலுமா, எப்போது தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

பாதம் விறைத்தவர்கள் நல்லூர்த் திருவிழாவில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஆவணி வெயிலில் கொதிக்கும் மணலில் வெறுங்காலோடு நடந்தால் சுடுவது தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளம் தெரியும்; சீனி வருத்தக்காரருக்கு அது ஆறாத புண்ணாகலாம். விடியற்காலைப் பூசைக்குப் போங்கள். ஒவ்வொரு இரவும் உள்ளங்காலை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

சிறுநீரகத்துக்கும் இதே கதைதான். "நாரி நோகுது" என்றால் நாரிப்பிடிப்பு என்று நினைக்க இடமுண்டு. சலம் குறைவாகப் போகுதா, நுரைக்குதா, கடுக்குதா, சிவப்பாகப் போகுதா, கால், முகம் வீங்குதா என்று விளக்குங்கள். முழங்கால் நோவுக்கு பாமசியில் டைக்ளோபெனக்கோ இபுபுரோபெனோ நீங்களாக வாங்கிப் போடவே வேண்டாம். வெயிலில் நீரிழந்த உடம்பில், பாதிப்புள்ள சிறுநீரகத்தை அவை இன்னும் கெடுக்கும். வயிற்றோட்டமோ சத்தியோ வந்தால் எந்தக் குளிசையை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதைப் புறப்படுமுன்னரே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

மாமி ஆசையாக இளநீர் வெட்டித் தருவா. இரத்தத்தில் பொட்டாசியம் கூடியவர்கள் அதை மறுத்தே ஆகவேண்டும். காமரங்காய் (ஸ்ரார் புரூட்) இன்னும் ஆபத்து. சிறுநீரகம் பழுதானவர் உடம்பில் அதன் நஞ்சு வெளியேறாமல் மூளையைத் தாக்கும். விடாத விக்கல், குழப்பம், வலிப்பு, சிலவேளை மரணம் வரைக்கும் போகும். சாப்பிட்டிருந்தால் ஒளிக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். இரத்தச் சுத்திகரிப்பு (டயலிசிஸ்) செய்பவர்கள், ஊரில் இடம் உறுதியான பிறகுதான் ரிக்கற் எடுக்க வேண்டும்.

இன்சுலினைக் கைப்பையில் கொண்டுபோங்கள். விமானத்தின் சரக்கறையில் உறைந்தால் பிறகு உதவாது. காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பனடோல் மட்டும், அதுவும் சொன்ன அளவில்தான். அஸ்பிரின் வகை நோவுக் குளிசைகள் இரத்தப்போக்கைக் கூட்டும்.

வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் அது பாரிசவாதமாக இருக்கலாம். எண்ணெய் பூசவும் நூல் கட்டவும் அது நேரமில்லை. உடனே 1990 க்கு அடியுங்கள். அரசின் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆள் கடைசியாக நல்லபடி இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள், வைத்தியசாலையில் முதலில் கேட்பது அதைத்தான்.