ஒரு பிளேடு எத்தனை ஷேவ் வரும்? புதிதாக ரேசர் பிடிப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் அக்கா மகன் கோட்டையூர் வீட்டுக்கு வந்திருந்தான். காலையில் நான் வளவில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன், முற்றத்துக் குழாயடியில் அவன் ஷேவ் செய்கிற சத்தம் கேட்டது. நனைந்த தாடியில் நல்ல பிளேடு ஓடினால் மெல்லிசாக ஒரு ‘சர்சர்’ வரும். அவனிடமிருந்து வந்ததோ தேங்காய் துருவுகிற சத்தம்.

“எத்தனையாவது ஷேவ்டா அது?”

“ஆறுதான் மாமா. இன்னும் ஒண்ணு இருக்கு.”

தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, இருந்தும் இன்னும் ஒன்று இருக்கிறதாம். இருபத்திரண்டு வயதில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அதனால் திட்டவும் முடியவில்லை. அதற்குப் பதில்தான் இது, இரண்டு விளிம்பு பிளேடைக் கழற்றி மாட்டுகிற பழைய மாதிரி ரேசரைப் புதிதாகப் பிடிப்பவர்களுக்காக. நுரை போடாமல் மழிப்பது, பிளேடுக்கு அடியில் வருகிற தட்டைத் தலைகீழாக மாட்டுவது மாதிரியானதை எல்லாம் ஒரே நாளில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

துருவுக்குப் பயந்து பிளேடைச் சீராட்டுவது

எங்கள் ஐயா ஷேவ் முடிந்ததும் பிளேடைக் கழற்றி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, அது வந்த காகிதத்திலேயே மடித்து வைப்பார். அவர் காலத்துக்கு அது சரி. அன்றைக்கு இருந்தது கார்பன் எஃகு பிளேடு, ஈரம் பட்டால் துருவேறும். 1960களின் தொடக்கத்தில் வில்கின்சன் ஸ்டெயின்லெஸ் பிளேடைக் கொண்டுவந்த பிறகு மற்ற கம்பெனிகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. இப்போது கடையில் தொங்குகிற பிளேடில் பெரும்பாலானவை குரோமியம் கலந்த எஃகு, விளிம்பில் மெல்லிய பூச்சு வேறு இருக்கும். அலசி, உதறி, காற்றாட நிறுத்தி வைத்தால் போதும்.

பிளேடைக் கெடுப்பது முக்கியமாக உங்கள் தாடிதான். 2020ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதைச் சோதித்துச் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் தன் தாடியையே மழித்து, ஒவ்வொரு ஷேவுக்குப் பிறகும் பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறார். விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், அங்கங்கே சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. முடி எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது, அப்படியிருந்தும் அது வளைந்து சாய்வாக மோதும்போது எஃகில் பலவீனமான இடம் உடைகிறது. ஆக, முடி எவ்வளவு ஊறி இளகியிருக்கிறதோ அவ்வளவு பிளேடுக்கு ஆயுசு.

துண்டில் துடைப்பது

வேண்டாம். விளிம்புதான் போகும், துண்டும் போகும்.

எண்ணிக்கை வைத்துக்கொண்டு பிளேடை ஓட்டுவது

என் எரிச்சல் முழுக்க இதில்தான்.

யாரோ ‘ஏழு ஷேவ்’ என்று சொல்லியிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொள்வது. எனக்கு வேலைக்குப் போன புதிதில் ‘ஒரு பிளேடு பத்து நாள்’ என்று ஒரு கணக்கு இருந்தது, யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைவில்லை, ஆனால் வேதம் மாதிரி கடைப்பிடித்தேன். ஆறாவது நாளே முடியைப் பிடித்து இழுக்கும். இழுத்தால் என்ன, கொஞ்சம் அழுத்துவோம் என்று அழுத்துவேன். அங்கேதான் எல்லாம் கெட்டது. அந்த ரேசர் தன் எடையிலேயே இறங்கி வெட்டுவதற்காகச் செய்தது. நீங்கள் அழுத்தினால் பிளேடை ஒட்டி இருக்கிற தடுப்புக் கம்பிக்கும் பிளேடுக்கும் நடுவே தோல் பிதுங்கி வரும், பிளேடு முடியோடு சேர்த்துத் தோலையும் சீவும். எட்டாம் நாள் தேவகோட்டையில் ஒரு கல்யாணம், மழமழவென்று இருக்க வேண்டுமே என்று அதே பிளேடில் கழுத்தில் கீழிருந்து மேலாக இரண்டு தடவை இழுத்தேன். பந்தியில் உட்காரும்போதே எரிச்சல். மூன்றாம் நாள் கழுத்து முழுக்கச் சிவந்த பருக்கள், அதில் இரண்டு சீழ் கட்டி, டாக்டரிடம் போய், மாத்திரை, களிம்பு, பதினைந்து நாள் தாடியோடு அலைந்தேன். வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்துப் பாதிப் பேர் விசாரித்தார்கள்.

இத்தனையும் எதை மிச்சப்படுத்த? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மழித்தால் வருஷத்துக்குச் சுமார் 180 ஷேவ். நாலு ஷேவுக்கு ஒன்று என்று மாற்றினால் 45 பிளேடு, எட்டு ஷேவ் வரை இழுத்தால் 22 அல்லது 23. வித்தியாசம் வெறும் இருபத்துச் சொச்சம் பிளேடு. சாதாரண பிளேடு ஒன்று இன்றைக்கும் ஒரு டீயைவிட மலிவு.

அதைவிட, அந்த எண்ணே எதையும் அளக்கவில்லை. தினமும் ஒரே சுற்று மேலோட்டமாக மழிப்பவனுக்கும், வாரம் ஒருமுறை கொத்தாக வளர்ந்ததை மூன்று சுற்று ஓட்டுபவனுக்கும் ‘ஒரு ஷேவ்’ ஒன்றாகுமா? மூன்று சுற்றுக்காரனின் பிளேடு ஒரே நாளில் மூன்று தடவை முகம் முழுக்கப் போய்வருகிறது. வீட்டிலேயே தலையையும் வழித்துக்கொண்டால் அந்தப் பிளேடின் கதை அன்றோடு முடிந்தது. தாடி முரடா, பூனைமுடியா, எவ்வளவு நேரம் ஊறியது, எந்தக் கம்பெனி, எல்லாமே அந்த எண்ணை மாற்றும். பலருக்கு மூன்றிலிருந்து ஏழுக்குள் நிற்கும். எனக்கு நாலு.

எண்ணுக்குப் பதிலாக முகத்தைக் கேளுங்கள். மோவாயிலும் மீசைக்குக் கீழேயும்தான் முடி முரடு, பிளேடு கெடத் தொடங்கினால் முதலில் அங்கே இழுக்கும். போன தடவை ஒரே இழுப்பில் சுத்தமான இடத்தில் இந்தத் தடவை மூன்று இழுப்பு வேண்டியிருந்தால் சரி, போதும். சத்தமும் மாறும். எல்லாவற்றுக்கும் மேலே படிகாரம். முகம் கழுவியதும் ஈரத்தோடு படிகாரக் கட்டியைத் தேயுங்கள், தோல் சீவிய இடத்தில் சுரீர் என்று எரிந்து காட்டிக்கொடுக்கும். அதே கை, அதே சோப்பு, நேற்று வரை எரியாத இடம் எரிகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், பிளேடைப் பாதி ஷேவில்கூட மாற்றலாம், யாரும் அபராதம் போட மாட்டார்கள்.

சலூனில் பாதி பிளேடை ஓர் ஆளுக்குப் போட்டுவிட்டு எறிவதைப் பார்த்து ‘அப்போ ஒரு ஷேவ்தானா’ என்று கேட்காதீர்கள். ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, கூர்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே காரணத்துக்காக அண்ணன் தம்பிக்குள்ளும் பிளேடை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

ஒரே பக்கத்தில் மழிப்பது

பிளேடுக்கு இரண்டு விளிம்பு. வலது கைக்காரர்கள் தெரியாமலே ஒரு பக்கத்தையே திருப்பித் திருப்பி வைப்பார்கள், அது செத்திருக்கும், மறுபக்கம் புதுசாகவே கிடக்கும், மொத்தத்தையும் தூக்கி எறிவார்கள். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை திருப்புங்கள்.

அவசரமும் உப்புத் தண்ணீரும்

குளித்துவிட்டு வந்து மழியுங்கள், இல்லாவிட்டால் நுரை தடவி இரண்டு மூன்று நிமிஷம் சும்மா இருங்கள். காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அங்கே சோப்பைக் காட்டினாலே நுரைக்கும். எங்கள் போர் தண்ணீர் அப்படி இல்லை, பிரஷ்ஷைச் சுழற்றிச் சுழற்றிக் கைதான் வலிக்கும், நுரை தயிர்போலத் திரிந்து நிற்கும். அந்தக் காலத்தில் முற்றத்தில் விழுகிற மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து வைப்பார்களே, அதில் ஒரு சொம்பு எடுத்து நுரைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். இப்போது நான் கேன் தண்ணீரில் அரை டம்ளர் எடுத்துக்கொள்கிறேன், வீட்டில் கேலி செய்கிறார்கள்.

ரேசரைக் குழாயில் தட்டுவது

தட்டாதீர்கள். ஒரு தடவை கைதவறி ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்து என் ரேசரின் திருகே முறிந்தது, அது வேறு கதை.

முதலிலேயே நூறு பிளேடு வாங்குவது

மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரே கம்பெனியில் நூறு வாங்கி, முதல் பிளேடிலேயே முகத்துக்கு ஒத்துவராமல் 99ஐ வைத்துக்கொண்டு விழித்தவன் நான். நாலு கம்பெனியில் ஐந்தைந்து வாங்கிப் பாருங்கள், அப்புறம் நூறு.

பழைய பிளேடு

குப்பைக் கூடையில் போடாதீர்கள், அதை அள்ளுகிறவருக்கும் கை இருக்கிறது. பால்பவுடர் டப்பா மூடியில் ஒரு கீறல் போட்டு அதற்குள் தள்ளிவிடுங்கள். பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர்தான், பத்தை அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர். நாலு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், என் டப்பா இன்னும் கால்வாசி நிரம்பவில்லை. ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு அக்கா மகனின் ஆறாவது ஷேவ் பிளேடும் அதற்குள்தான் விழுந்தது, நான்தான் போட்டேன், அவனிடம் கேட்கவில்லை.