கைக்குழந்தையோடு உம்ரா: தவாஃபில் அழுகை நின்றது எப்படி

உம்ரா என்னும் மக்கா புனிதப் பயணத்துக்குப் புதுநகரத்தில் கிளம்பி, கொச்சி விமான நிலையமான நெடும்பாசேரியில் விமானம் ஏறும்வரை பிள்ளை சமர்த்து. மக்காவில் கஅபாவைச் சுற்றி தவாஃப் (ஏழு முறை வலம்) வரும் இடமான மதாஃப் நெரிசலில் இடுப்பில் வைத்ததுமே வீறிட்டான். மாமி சொன்னாங்க: "ராத்திரி கூட்டம் கொஞ்சம் அடங்கட்டும்மா, அவசரமென்ன?"

நள்ளிரவு தாண்டி இறங்கினோம். பழைய பருத்திப் புடவையில் தூளிபோல மார்போடு கட்டிக்கொண்டேன். மூக்கு மட்டும் வெளியே. ஏழு சுற்றும் தூக்கம்தான். குழந்தையைத் தூக்கத் தோளில் மாட்டும் விலை உயர்ந்த பை எதற்கென்று தோன்றியது!

ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடக்கும் தொங்கோட்டம்தான் சோதனை. ஸஃபா–மர்வா ஒருமுறைக்கு ஏறக்குறைய 450 மீட்டர். ஏழுக்கும் மூன்று கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஓரமாக உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தேன். நாலு வயசு மூத்தவளுக்குக் குளிரூட்டாத ஜம்ஜம் புனித நீர் தனிப் பீப்பாயில் கிடைத்தது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் அவளுக்கு உடனே இருமல் வரும்.