பிக்கப்புக்கு ஸ்டியரிங் ராடு செஞ்சு போடறதுக்கு முன்னாடி ஒருதரம் அடியில படுத்துப் பாருங்க

கேரட் மூட்டை ஏத்திட்டு குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் எறங்கறப்ப 14 கொண்டை ஊசி, ஒவ்வொண்ணுலயும் ஸ்டியரிங்க கடைசி வரைக்கும் ஒடிக்கணும், அந்த நேரம் பாத்து வண்டி ஒடிச்ச உடனே திரும்பாம ஒரு யோசனை பண்ணிட்டுத் திரும்புச்சுன்னா வயித்துல புளியக் கரைக்கும்ங்க. என்னோடது பழைய ஜீப் சேசிஸ் பிக்கப், முன்னாடி ரெண்டு வீலுக்கும் சேத்து ஒரே ஆக்சில், லீஃப் பட்டை (பட்டை ஸ்பிரிங்). நான் சொல்றது அந்த மாதிரி வண்டிக்குத்தான், ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் (பல்லு வச்ச தண்டு நகந்து வீலத் திருப்பற வகை) வச்ச புது வண்டிக்கு இது ஆகாது.

ஸ்டியரிங்ல ஆட்டம் இருக்குன்னதும் எல்லாரும் "ராடு வீக்குப்பா, தடியா ஒண்ணு செஞ்சு போடு"ம்பாங்க. அவசரப்படாதீங்க. சமதரையில நிறுத்தி (நம்ம ஊர்ல சமதரை கெடைக்கறதே பெரிய விஷயம்) வீலுக்குக் கல்லு வச்சுட்டு, ஒருத்தர மேல உக்காந்து ஸ்டியரிங்க ரெண்டு இஞ்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டச் சொல்லுங்க. நீங்க அடியில படுத்து ஒவ்வொரு ஜாயின்டா கையால பொத்திப் பிடிங்க. டிராப் ஆர்ம் (ஸ்டியரிங்கோட கியர் பெட்டி, அதான் ஸ்டியரிங் பாக்ஸ், அதுல இருந்து வர்ற கை), டிராக் லிங்க் (அந்தக் கையில இருந்து வீல் பக்கம் போற ராடு) ரெண்டு முனை, டை ராடு (ரெண்டு முன் வீலையும் சேக்கற ராடு) ரெண்டு முனை. எங்க தேஞ்சிருக்கோ அங்க உள்ளங்கையில 'டக்'குன்னு தட்டும், கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். அப்படியே ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸ்ல உக்காந்திருக்கற இடத்தையும் பாருங்க, போல்ட் லூசா இருந்தா பாக்ஸே சேந்து ஆடும். அப்பறம் ஸ்டேண்ட் போட்டு வீலத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, அதுல ஆட்டம் இருந்தா வீல் பேரிங்கோ கிங் பின்னோ (வீல் திரும்பறதுக்கு அச்சா இருக்கற பின்) தேஞ்சிருக்குன்னு அர்த்தம். அத விட்டுட்டு என்ன ராடு போட்டாலும் காசுதான் போகும்.

ராடு நெஜமாவே வளைஞ்சிருந்தா செஞ்சு போடலாம். ஆனா செய்யறது நடுவுல வர்ற பைப் மட்டும்தான். பால் ஜாயின்ட் எண்டு (ராடு முனையில வர்ற குண்டு மூட்டு) ரெண்டும் கம்பெனி ஐட்டமே வாங்குங்க, அதுல ஒண்ணு வலது த்ரெட், இன்னொண்ணு இடது த்ரெட் இருக்கணும், அப்பதான் கழட்டாமலே பைப்பச் சுத்தி நீளத்தக் கூட்டிக் கொறைக்க முடியும். மொதல்ல எண்டு வாங்கி, அதக் கையில எடுத்துட்டுத்தான் லேத்துக்குப் போகணும், நான் கோயமுத்தூர் போயிதான் கடைஞ்சேன். வெல்டிங் தையல் இல்லாத சீம்லெஸ் பைப்தான் வேணும். எண்டு த்ரெட் 22 மில்லி கிட்ட இருந்தா வெளிய 32 மில்லி, கனம் 6 மில்லி பைப் சரியா வரும், உள்ள கொஞ்சம் போர் பண்ணி டேப் போட்டு த்ரெட் வெட்டிக்கலாம். த்ரெட்டோட விட்டத்துல ஒண்ணரை மடங்காவது எண்டு உள்ள ஏறியிருக்கணும், அதுக்குக் கம்மியா நாலு சுத்துல தொங்குதுன்னா பைப் அளவு தப்பு, புதுசா வெட்டுங்க.

வெல்டு மட்டும் வேண்டாம். எனக்கு ஒரு பட்டறையில டிராக் லிங்க்க நடுவுல ஒட்டுப் போட்டுக் குடுத்தாங்க, பாக்க சூப்பரா இருந்துச்சு, ரெண்டு வாரம் கழிச்சு சேறு கழுவறப்ப வெல்டு ஓரத்துல முடி அளவுக்கு ஒரு கோடு. அழுக்குன்னு நெனச்சு நகத்தால சொரண்டறேன், போகல. விரிசல்! அன்னைக்கு மட்டும் நான் வண்டியக் கழுவலன்னா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் யோசிக்கறதில்ல. டிராப் ஆர்ம சூடு பண்ணி வளைக்கறதும் இதே கேசுதான், ஃபோர்ஜ் பண்ணுன இரும்போட பலம் சூட்டுல போயிரும்.

லோடுக்காகப் பட்டை ஏத்தி வண்டிய ஒசத்தியிருந்தா டிராக் லிங்க் சாஞ்சு நிக்கும், குழியில விழறப்பெல்லாம் ஸ்டியரிங் தானா இழுக்கும். அதுக்குத் தடி ராடு மருந்து இல்ல, சாய்வக் கொறைக்கணும். அப்பறம் சில பேரு எண்டுக்குப் பதிலா ரேஸ் வண்டி ரோஸ் ஜாயின்ட் (தெறந்தபடி இருக்கற குண்டு மூட்டு) போடறாங்க, அதுக்கு ரப்பர் உறை கெடையாது, நம்ம மழைக்கும் சேத்துக்கும் சீக்கிரம் கடகடன்னு ஆயிரும்.

மாட்டறப்ப எண்டோட டேப்பர்ல (கூம்பு மாதிரி சிறுத்துக்கிட்டே போற தண்டுல) மார்க்கர் பூசி ஆர்ம் ஓட்டையில வச்சு ஒரு திருப்பு திருப்பி எடுங்க. மை சுத்தி முழுக்க அழிஞ்சிருந்தா ஓகே, ஒரு வளையம் மட்டும் அழிஞ்சா டேப்பர் சேரல, அத நட்டு முறுக்கி சரி பண்ண முடியாது. மேனுவல்ல இருக்கற டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) முறுக்குனதுக்கு அப்பறம் ஸ்பிலிட் பின் (நட்டு கழண்டு வராம குத்தற பின்) ஓட்டை நேரா வரலன்னா இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கணும், லூஸ் பண்ணிப் பின் குத்தாதீங்க.

டோ, அதாவது முன் வீல் ரெண்டும் முன்பக்கம் எவ்வளவு உள்ள திரும்பி நிக்குதுங்கறதப் பாக்க சாக்பீஸும் அளவு டேப்பும் போதும். ரெண்டு டயர்லயும் நடுவுல முன்பக்கம், ஹப் ஒசரத்துக்கு சாக்பீஸ் கோடு போட்டு அளந்துக்கங்க, கோடு பின்னாடி போற வரைக்கும் வண்டியத் தள்ளி மறுபடி அளங்க. முன்னாடி அளவு துளி கம்மியா இருக்கணும் (இதுதான் டோ-இன்), எவ்வளவுங்கறது மேனுவல்ல இருக்கும், பொதுவா ஒரு நூலுக்குள்ள (1/8 இஞ்சு) தான். டை ராடு ஆக்சிலுக்குப் பின்னாடி இருந்தா நீளத்தக் கூட்டுனா டோ-இன் கூடும், முன்னாடி இருந்தா நேர் எதிர், இதுல குழம்பித்தான் நான் ஒரு சாயங்காலம் பூராம் வீணாக்குனேன். டிராக் லிங்க் நீளம், ஸ்டியரிங்க ஒரு கடைசில இருந்து மறு கடைசி வரைக்கும் (லாக் டு லாக்) எத்தன சுத்துன்னு எண்ணி சரி பாதியில நிறுத்துறப்ப வீல் நேரா நிக்கற மாதிரி வைங்க, பாக்ஸ்ல அந்த நடு இடத்துலதான் ஆட்டம் ரொம்பக் கம்மி. கிளாம்ப் இறுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு எண்டும் ஒரே வாட்டத்துல இருக்கான்னு பாத்துட்டு, ரெண்டு பக்கமும் ஃபுல் லாக் ஒடிச்சு, வீலத் தூக்கியும் எறக்கியும் பாருங்க, தடி ராடுங்கறதால பட்டையிலயோ டிஃபரன்ஷியல்லயோ உரசும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இருக்கு, கம்பெனி ஸ்பெசிஃபிகேஷன மாத்துனா எஃப்.சி.லயும் (வண்டியோட தகுதிச் சான்று) இன்சூரன்ஸ்லயும் கேள்வி வரும், ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டு ஆரம்பிங்க.

எல்லா நட்டுலயும் நட்டையும் ஆர்மையும் சேத்து வெள்ளை பெயின்ட்ல ஒரு கோடு இழுத்து விடுங்க. முதல் நாள் லோடு இல்லாம ஓட்டுங்க, முதல் லோடு எறக்குனதும் மண்டி வாசல்லயே அடியில படுத்து கோடு ஒடைஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு மலை ஏறுங்க.