ஷட்டர் வேகத்தைப் புரியவைக்க ஒரு மேசை விசிறி

கல்லூரியில் போட்டோகிராபி முதல் வகுப்பா? எக்ஸ்போஷர் முக்கோணத்தை (படத்தின் வெளிச்சத்தை முடிவுசெய்யும் அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ மூன்றின் உறவு) பலகையில் வரைவதை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவையுங்கள். வெளிச்சமான ஜன்னலோரம் ஒரு மேசை விசிறியை ஓடவிடுங்கள். கேமராவை மேனுவல் மோடில் ட்ரைபாடில் வைத்து, எஃப்/4 (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் 1/1000 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 3200-இல் ஒரு படம். இறக்கைகள் ஏறக்குறைய உறைந்து நிற்கும். அடுத்து எஃப்/4-ஐ மாற்றாமல் 1/30 நொடி, ஐஎஸ்ஓ 100. வெளிச்சம் ஏறக்குறைய அதேதான், ஆனால் இறக்கைகள் கரைந்துவிடும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது; ஷட்டரில் ஐந்து ஸ்டாப் கூடி, ஐஎஸ்ஓவில் ஐந்து குறைந்ததை மாணவர்களே விரல்விட்டு எண்ணட்டும். முதல் படத்தைப் பெரிதாக்கினால் நிழலில் மணல்மணலாக நாய்ஸ் தெரியும். வேகத்துக்குக் கொடுத்த விலை அது.

ஆட்டோ ஐஎஸ்ஓவை முதலிலேயே அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கேமராவே வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடும், பாடமே போய்விடும். டியூப்லைட்டையும் அணையுங்கள்: நம் ஊர் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை மினுக்கும், 1/1000-இல் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும், பட்டையும் விழலாம். பிள்ளைகள் கேமரா கெட்டுவிட்டதென்று நினைப்பார்கள்.

1/30-இல் விசிறியின் முன்வலைக் கம்பிகளைப் பாருங்கள். அவையும் கலங்கியிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது, அல்லது போகஸ் தப்பியிருக்கிறது. இரண்டு நொடி டைமர் போட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.