429-ஆம் பக்கத்தைப் பார்க்கச் சொல்லும் கருவி: பழைய ஸ்டைல் புத்தகத்தை நம்பும்போது நடக்கும் தவறுகள்

பெர்ல் மொழியில் எழுதிய பழைய ஸ்கிரிப்ட் ஒன்றை எடுத்து, கோடின் ஸ்டைலைச் சோதிக்கும் பெர்ல்கிரிட்டிக் என்ற கருவியில் ஓட்டிப் பாருங்கள். கவனக்குறைவான கோடைத் தடுக்கும் ஸ்ட்ரிக்ட் என்ற அறிவிப்பைப் போடாமல் விட்டிருந்தால் ஓர் எச்சரிக்கை வரும். அதன் கடைசியில் பிபிபி-யின் 429-ஆம் பக்கத்தைப் பார்க்கச் சொல்லும். பிபிபி என்பது டேமியன் கான்வே எழுதி, ஓ'ரைலி 2005-இல் வெளியிட்ட 'பெர்ல் பெஸ்ட் ப்ராக்டிசஸ்'. மொத்தம் 256 விதிகள். அதற்குப் பிறகு இரண்டாம் பதிப்பு வரவில்லை. இன்று பெர்லில் வேலை பார்க்கிற டீமில் அந்தப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் ஆச்சரியம்தான். விதிகள் மட்டும் கருவிக்குள் உட்கார்ந்துகொண்டு தினமும் பேசுகின்றன.

இதில் முதலில் நடக்கும் தவறு, பக்க எண்ணையே காரணமாக எடுத்துக்கொள்வது. கருவி சொல்லிவிட்டது, செய்துவிடுவோம் என்று போவது.

என்ன ஆகும் என்று ஒரு விதியை வைத்தே பார்க்கலாம். பெர்ல்கிரிட்டிக்கில் ஜென்டில் முதல் ப்ரூட்டல் வரை ஐந்து நிலைகள் உண்டு. கண்டிப்பை ஏற்றிக்கொண்டே போனால், எல்லா ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கும் (எழுத்துக்குள் தேடும் பேட்டர்ன்) எக்ஸ், எம், எஸ் என்ற மூன்று ஃப்ளாகும் வேண்டும் என்று கேட்கும். இது புத்தகத்தில் உள்ள விதிதான். சரி என்று, ஓடிக்கொண்டிருக்கும் கோடில் போய் மூன்றையும் ஒட்டினால் வம்புதான். எக்ஸ் ஃப்ளாக் வந்ததும் பேட்டர்னுக்குள் இருக்கும் இடைவெளியைப் பெர்ல் கண்டுகொள்ளாது. அதுவரை 'நியூ டெல்லி' என்று இடம் விட்டுத் தேடிய பேட்டர்ன், அப்புறம் 'நியூடெல்லி' என்று சேர்த்து எழுதியிருந்தால்தான் பிடிக்கும். இதாவது டெஸ்ட்டில் மாட்டிக்கொள்ளும்.

எம் ஃப்ளாக் அப்படி மாட்டாது. ஃபார்மில் வரும் மதிப்பில் எண்கள் மட்டும் இருக்க வேண்டும் என்று, முன்னால் கேரட் குறியும் பின்னால் டாலர் குறியும் வைத்து ஒரு சோதனை எழுதியிருப்பீர்கள். எம் போட்டதும் அந்த இரண்டு குறிகளும் முழு மதிப்பின் தொடக்கம், முடிவு என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் முடிவையும் பிடிக்கும். இரண்டு வரி உள்ளீட்டில் ஒரு வரி எண்ணாக இருந்தால் போதும், மற்ற வரியில் எந்தக் குப்பை இருந்தாலும் உள்ளே வந்துவிடும். புத்தகம் இதை மறக்கவில்லை. முழு மதிப்பின் இரு முனைகளுக்கும் பேக்ஸ்லாஷ் பெரிய ஏ, பேக்ஸ்லாஷ் சின்ன இசட் பயன்படுத்து என்று தனி விதியே வைத்திருக்கிறது. புத்தகத்தைப் படித்தவர் இரண்டையும் சேர்த்துச் செய்வார். எச்சரிக்கையை மட்டும் படித்தவர் பாதியைச் செய்துவிட்டு, எச்சரிக்கை போய்விட்டதே என்று நிம்மதியாக இருப்பார்.

அடுத்தது, ஆண்டைப் பார்க்காமல் இருப்பது. 2005-இல் பெர்லில் ஆப்ஜெக்ட் எழுத, கிளாஸ் ஸ்டட் என்ற மாட்யூலைக் கான்வே பரிந்துரைத்தார். ஆப்ஜெக்டின் உள் தரவை வெளியாள் தொடாமல் காப்பதற்கு அன்றைக்கு அது நல்ல வழி. மறு ஆண்டே ஆப்ஜெக்ட் எழுத மூஸ் என்ற இன்னொரு மாட்யூல் வந்தது, உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது. 2023-இல் வந்த பெர்ல் 5.38-இல், சோதனை நிலையில்தான் என்றாலும், கிளாஸ் என்பது மொழியிலேயே இருக்கிறது. இப்போது போய்ப் புதிய ப்ராஜெக்டில் கிளாஸ் ஸ்டட் போடுவது புத்தகத்துக்குக் காட்டும் மரியாதை ஆகாது.

புரோட்டோடைப் கதை இன்னும் வேடிக்கை. சப்ரூட்டீன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு எழுதும் புரோட்டோடைப் வேண்டாம் என்பது 194-ஆம் பக்க விதி. நல்ல விதி. ஆனால் 2014-இல் 5.20 வெளிவந்தபோது, அதே அடைப்புக்குறிக்குள் ஆர்க்யுமென்ட் பெயர்களை எழுதும் சிக்னேச்சர் வசதி சோதனை நிலையில் அறிமுகமானது. 2022-இல் 5.36-இல் அது நிலைபெற்றது. பெர்ல்கிரிட்டிக் பல ஆண்டுகள் இரண்டையும் ஒன்றென்றே நினைத்துச் சிக்னேச்சரைக் கண்டாலும் அதே பக்க எண்ணைக் காட்டியது. இதை நம்பிச் சிக்னேச்சரைக் கழற்றினால், பார்த்தே இராத ஒன்றைப் புத்தகம் தடுத்ததாக ஆகிவிடும்.

புத்தகம் சொல்லாததைத் தடை என்று எடுத்துக்கொள்வதும் இதே ரகம். ஜாவா பக்கம் இதை நிறையப் பார்க்கலாம். ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்தின் கோட் கன்வென்ஷன்ஸ் ஆவணம் கடைசியாகத் திருத்தப்பட்டது 1999-இல். ஜாவாவில் ஜெனரிக்ஸ், அனோட்டேஷன் என்ற வசதிகள் வந்தது 2004, லாம்ப்டா 2014. இவற்றை எப்படி எழுதுவது என்று அந்த ஆவணத்தில் தேடினால் கிடைக்காது. ஜாவா கோடைச் சோதிக்கும் செக்ஸ்டைல் கருவியில் சன் விதிகள் இன்னும் ஒரு தொகுப்பாக இருக்கின்றன என்பதால் அவை இன்றைய தரம் ஆகிவிடாது.

பெர்ல் கோடின் வடிவத்தைச் சீராக்கும் பெர்ல்டைடி என்ற கருவியின் பிபிபி ஆப்ஷன் பற்றி ஒரு வார்த்தை. அது ஃபைலை மாற்றாது, விடையைத் திரையில்தான் கொட்டும். ஃபைலிலேயே மாற்ற, அதன் பின்னால் என்எஸ்டி, பி என்ற இரண்டு ஆப்ஷன்களையும் சேர்க்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் மொத்த ரெப்போவையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், அப்புறம் எந்த வரியை யார் எழுதினார்கள் என்று கிட்டில் தேடுவது பெரும்பாடு.

இவ்வளவும் படித்துவிட்டுப் புத்தகத்தையே தூக்கி எறிவதும் தவறுதான். ஃபைலைத் திறக்க மூன்று ஆர்க்யுமென்ட் ஓப்பன் பயன்படுத்து என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆர்க்யுமென்ட்டோடு எழுதினால், ஃபைல் பெயரின் கடைசியில் பைப் குறி இருக்கும்போது பெர்ல் அதை ஃபைலாகத் திறக்காமல் கட்டளையாக ஓட்டும். 2005-இல் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். காரணம் மாறாததால் விதியும் மாறவில்லை.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. பெர்ல்கிரிட்டிக்கின் கான்ஃபிக் ஃபைலை ரெப்போவிலேயே வையுங்கள். அதில் வைத்திருக்கும் ஒவ்வொரு விதிக்கும் மேலே ஒரு வரி கமென்ட்: ஏன் வேண்டும், எந்தப் பெர்ல் வெர்ஷன் வரை வேண்டும். யாராலும் காரணம் எழுத முடியாத விதியை அணைத்துவிடுங்கள். ஸ்ட்ரிக்டுக்குக் காரணம் எழுதும்போது இன்னொன்றும் தெரியவரும்: ஃபைலின் தலையில் 5.36 வேண்டும் என்று அறிவித்தாலே ஸ்ட்ரிக்டும் வார்னிங்ஸும் தாமாக வந்துவிடுகின்றன.